கூத்து வாத்தியாருக்கும் ஒரு சரித்திரம்

தமிழ் நாடகக்காரர்களின் வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அவர்களே எழுதி வைத்துப் போனது. 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபையின் கதையைப் பம்மல் சம்பந்த முதலியார் 'நாடக மேடை நினைவுகள்' எழுதியதால் அறிகிறோம். 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன விதம், அவரிடம் படித்த அவ்வை தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'யில் இருக்கிறது. பேனா பிடித்தவர்களுக்கே இந்த வாய்ப்பு. தருமபுரி மாவட்டத்தில் ஏரியூர், பென்னாகரம் பக்கத்துத் திருவிழாக்களில் விடியவிடிய வேஷம் கட்டி ஆடிய கூத்து வாத்தியாரின் வாழ்க்கையை எழுத வேறொருவர்தான் முன்வர வேண்டும். கூத்தைப் பற்றி நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன, நாடக ஆசிரியர் ந. முத்துசாமி எழுதினார், அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ஃபிராஸ்கா எழுதினார். ஆனால் கலை ஆராயப்பட்ட அளவுக்குக் கலைஞன் ஆராயப்படவில்லை. புரிசை கண்ணப்பத் தம்பிரானைப் போல வெளியுலகம் பெயர் சொல்லி அறிந்தவர்கள் மிகச் சிலர்.

கூத்து ஊர்க் கலை, அதில் தனிமனிதனைத் தேடுவது முறையல்ல என்பார்கள். பாதி நியாயம்தான். 'கர்ண மோட்சம்' எல்லாருக்கும் பொதுவானது. ஆனால் இன்னார் கர்ணன் கட்டுகிறார் என்று கேட்டு பக்கத்து ஊரிலிருந்து நடந்து வந்தவர்கள் ஒரு தனிமனிதனின் குரலுக்கும் அடவுக்கும்தான் வந்தார்கள். பார்த்தவர்களுக்குத் தெரிந்த வித்தியாசத்தை எழுதுகிறவர்கள் மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? எழுத்து ஆதாரம் இல்லையே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ஆனால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது 1876-இல், அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையர் அவர் சரித்திரத்தை இரண்டு பாகமாக வெளியிட்டது 1933, 1934-இல். தாம் மாணவராகச் சேர்வதற்கு முந்தைய காலத்துச் செய்திகளை, பிள்ளையை அறிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டும் சேர்த்தார். வாய்மொழியையும் நம்பி எழுதிய அந்த நூல்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் போய் நிற்கும் இடம். ஞாபகம் பிசகும், உண்மைதான். நாலு பேரிடம் கேட்டு ஒப்பிட்டால் பிசகும் தெரிந்துவிடும்.

ஏரியூரில் இப்போது அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. சுற்று வட்டாரப் பிள்ளைகள் படிக்கிறார்கள். வாத்தியார் யாரிடம் கற்றார், முதலில் கட்டிய வேஷம் எது, எந்தெந்த ஊர் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது, கூத்தில்லாத மாதங்களில் என்ன வேலைக்குப் போனார், கையெழுத்து நோட்டு யார் வீட்டில் இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் இவர்களே. ஆடிய கால்கள் ஓய்ந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சொல்லத் தயாராக இருக்கும்போதே கேட்க வேண்டும்.