ஆச்சி எழுதிய கடிதம்

திருநெல்வேலியிலிருந்து என் தாயார் பேரனுக்குக் கடிதம் எழுதியிருந்தார். மும்பையில் பிறந்த அவனுக்கு இந்தியும் மராத்தியும் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. வழக்கம்போல் என்னிடம் நீட்டினான்.

"ராசா, இதை நீயே படி; அப்பாவிடம் கொடுக்காதே" என்பது முதல் வரி. அதை மட்டும் அவனிடம் சொல்லிவிட்டு, மேலே படிக்காமல் மடித்துக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது.

குறை பிள்ளையிடம் இல்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் அலுப்பென்று படுத்துவிடும் என்னிடம்தான்.

247 எழுத்தா என்று மலைக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. நாளுக்கு ஒன்றென்றால் ஒரு மாதம். உயிர்மெய் 216-ம் இவற்றின் சேர்க்கைதான்.

அன்றிரவே நோட்டில் 'அ' போட்டோம். கடிதம் அவன் தலையணைக்கடியில் காத்திருக்கிறது. உங்கள் வீட்டில் எப்படி?