எவர் கையில் மண்?

தொடக்கப் பள்ளிதோறும் தோட்டம் வேண்டும் என்று நாம் சொன்னால், நம்மவரிலேயே சிலர் முகம் சுளிக்கின்றனர். "உழுது உழுது ஓய்ந்தவன் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது எதற்காக? அங்கேயும் மண்வெட்டியைத் தூக்கவா?" என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வி. அதைக் கேட்கும் உரிமை இந்த நாட்டு ஏழைக்கு உண்டு. ஏனெனில் ஒருமுறை அவன் சூடு கண்டவன்.

1953ஆம் ஆண்டை மறக்க முடியுமா? சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு 3 மணி நேரப் படிப்புப் போதும், மற்ற நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார் அன்றைய முதலமைச்சர் இராஜாஜி. குயவர் மகன் சக்கரத்தடியில்; சலவைத் தொழிலாளி மகன் ஆற்றுத் துறையில்! 'குலக்கல்வித் திட்டம்' என்று நாடு அதற்குப் பெயர் சூட்டியது. பெரியார் எதிர்த்தார். தி. மு. கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை அதை எதிர்த்தே எழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அந்த வடு மறைய வேண்டாம். எச்சரிக்கையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தத் திட்டத்தில் தீயது எது? மண்ணா? மண் என்ன செய்தது! படிப்பு நேரத்தை வெட்டியது தீது. அப்பன் தொழிலே மகனுக்கு என்று வேலி கட்டியது தீது. பட்டணத்துப் பிள்ளைக்கு முழுப் படிப்பு, பட்டிக்காட்டுப் பிள்ளைக்கு அரைப் படிப்பு என்று பிரித்தது தீது. நாம் கேட்கும் தோட்டமோ படிப்பைக் குறைப்பதற்கு அல்ல, படிப்பை நிறைப்பதற்கு.

எப்படி என்கிறீர்களா? 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் ஒரு பாத்தி. வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் விட்டு வெண்டை ஊன்ற வேண்டும். எத்தனை விதை வேண்டும்? கரும்பலகையில் கேட்டால் விழிக்கும் நாலாம் வகுப்புப் பிள்ளை, கயிறும் கோலும் கையில் கொடுத்தால் அளந்து சொல்லிவிடும். பூசணிக் கொடியில் முதலில் பூத்த பூவெல்லாம் காய்க்காமல் உதிர்கிறதே, ஏன்? பூவின் அடியில் சிறு பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. வெறுங்காம்பாக இருந்தால் ஆண் பூ. முதலில் வருவன பெரும்பாலும் ஆண் பூக்களே. எலுமிச்சை இலையில் பறவை எச்சம் போலக் கிடக்கும் ஒன்று, சில நாளில் பச்சைப் புழுவாகி, கூடாகி, வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கிறது. இதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு அறிவியல் நெட்டுரு அல்ல. பேய் பிசாசு என்று எவனாவது பசப்பினால், "காட்டு, பார்க்கிறேன்" என்று கேட்கும் பிள்ளை அது!

செருமானியக் கல்வியாளர் ஃபுரோபெல், தாம் தொடங்கிய சிறுவர் பள்ளிக்கு 1840இல் 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். பிள்ளைக்கு ஒரு சிறு பாத்தி, எல்லோருக்குமாக ஒரு பொதுப் பாத்தி என்பது அவர் வகுத்த முறை. இன்று அந்தப் பெயரைப் பலகையில் எழுதி ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் எத்தனை பள்ளிகளில் ஒரு செடி உண்டு? தரையெல்லாம் சிமெண்ட். பெயரில் மட்டும் தோட்டம்!

தோட்டத்தில் விளைவது யார் வயிற்றுக்கு என்பதும் முக்கியம். 1920இல் நீதிக் கட்சியின் தியாகராயர் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கி வைத்த உணவு, 1956இல் காமராசரின் மதிய உணவாகி, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவாகி, 2022இல் காலை உணவுமாயிற்று. அந்தத் தட்டில் பிள்ளைகள் விதைத்த முளைக்கீரையும் விழட்டும். ஏறத்தாழ 25 நாளில் பறிக்கலாம். பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க ஒன்றிய அரசு 2019இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நெறி தாளில் இருக்கிறது. நீரும் நிலமும் எங்கே? கல்வி உரிமைச் சட்டம், 2009, பள்ளிக்கு இன்றியமையாதவை என்று விளையாட்டுத் திடலைச் சொல்கிறது, சமையற்கூடத்தைச் சொல்கிறது, சுற்றுச்சுவரைச் சொல்கிறது, தோட்டத்தைச் சொல்லவில்லை.

தோட்டத்தோடு நின்றுவிடக் கூடாது. பிள்ளைகள் ஊர் தாண்டியும் போக வேண்டும். மதுரைக்கு அருகே கீழடியில் 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே பானை ஓடுகளில் கீறப்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அரசன் வெட்டுவித்த கல்வெட்டல்ல. வீட்டில் புழங்கிய பானை! இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் பானையில் பெயர் எழுதியிருக்கிறார் என்று காணும் பிள்ளை, எழுத்து எனக்கும் உரியது என்று நிமிர்ந்து நிற்கும். நூல் நூற்ற தக்களிகளும் அங்கே உண்டு. பள்ளித் தோட்டத்தில் பருத்திச் செடி வளர்த்து, பஞ்செடுத்துத் திரித்துப் பார்த்த பிள்ளைக்குத் தக்களி கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் மண்ணுருண்டை அல்ல, பாட்டியின் கைக்கருவி. தோட்டமும் பயணமும் கைகோக்கும் இடம் இதுதான்.

இன்று சுற்றுலா எப்படி நடக்கிறது? பணம் கட்டிய பிள்ளை பேருந்தில். கட்ட முடியாத பிள்ளை வீட்டுத் திண்ணையில். கல்வியில் தீண்டாமை வேறெப்படி இருக்கும்? ஆசிரியர் நிலையையும் பார்க்க வேண்டும். 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள் என்பது சட்டக் கணக்கு. ஒருவர் தோட்டத்தில் நின்றால், மற்றவர் 5 வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. தோட்ட வேலை பாட நேரத்திலேயே, பாடமாகவே நடக்கட்டும். கூட்டவும் பெருக்கவும் பிள்ளைகளை ஏவுவதற்கு அது சாக்காகக் கூடாது. அரசுப் பள்ளிக்கு மட்டுமன்றி, கட்டணப் பள்ளிக்கும் அது கட்டாயமாகட்டும். ஆண்டுக்கு ஒரு பயணம், அரசுப் பள்ளிப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அரசின் செலவில் அமையட்டும். இவற்றுக்கென ஓர் ஆசிரியர் கூடுதலாக வரட்டும்.

அதிகாரியின் மகனும் அறுவடைக் கூலியின் மகளும் ஒரே பாத்தியில் குனிந்து விதை ஊன்றும் நாளில், உழைப்பு இழிவு என்ற எண்ணமும், இன்னார்க்கே இன்ன வேலை என்ற ஏற்பாடும் ஒருங்கே சாகும். ஏழைப் பிள்ளையின் கையில் மட்டும் மண் ஒட்டினால் அது குலக்கல்வி. எல்லாப் பிள்ளைகளின் கையிலும் ஒட்டினால் அது கல்வி. அரசு எதைத் தரப் போகிறது?