படுத்தால் மூச்சு முட்டுகிறதா?

திருப்பூர் வட்டாரத்தில் யாருக்காவது மூச்சு வாங்கினால், உடனே பஞ்சுத் தூசியின் மேல்தான் பழி விழும். அதில் நியாயமும் உண்டு. நூற்பாலைத் தூசியில் நெடுநாள் உழைத்தவர்களுக்கு, வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும். 'பிஸினோஸிஸ்' என்று அதற்குப் பெயர்.

ஆனால், மல்லாந்து படுத்தால் மட்டும் திணறுகிறது என்றால் சங்கதி வேறு. அது இருதயக் கோளாறாக இருக்கலாம். உதரவிதானம் செயலிழந்ததாகவும் இருக்கலாம்.

உதரவிதானம் என்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசை. அது கீழே இறங்கினால்தான் நுரையீரலில் காற்று நிறையும். கழுத்திலிருந்து வரும் இரண்டு நரம்புகள் அதை இயக்குகின்றன. விபத்திலோ, இருதய அறுவைச் சிகிச்சையிலோ, கட்டி அழுத்தியோ நரம்பு கெட்டால் தசை அசையாது. மூக்கை உறிஞ்சச் சொல்லி ஸ்கானில் பார்த்தால், இறங்க வேண்டிய தசை மேலே ஏறும்.

பயப்பட வேண்டாம், வழிகள் இருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டால் பலருக்குச் சிகிச்சையே தேவைப்படுவதில்லை; சிலருக்கு நரம்பு மெல்லத் தானே தேறிவிடும். தேறாமல் தொல்லை கொடுத்தால், தொய்ந்த தசையை மடித்துத் தைக்கிறார்கள். இரு பக்கமும் போனவர்களுக்கு, இரவில் முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் யந்திரம் கைகொடுக்கிறது. நரம்பு கெடாமல் இருந்தால், மின்சாரத் துடிப்பால் தசையை இயக்கவும் முடியும். குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்த 'சூப்பர்மேன்' நடிகர் கிறிஸ்டோபர் ரீவ், 2003இல் அப்படி ஒரு கருவியைப் பொருத்திக்கொண்டார்.

ஆகவே, 'எல்லாம் தூசிதான்' என்று இருமல் மருந்தோடு காலம் தள்ளாதீர்கள். ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் போகும்போது, 'படுத்தால்தான் திணறுகிறது' என்பதை மறக்காமல் சொல்லுங்கள். வைத்தியம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.