படகில் ஏறினால் இடப்பக்கமும் பாருங்கள்

பிரிக்பீல்ட்ஸ் அருகே கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால், கடைசி நிலையம் கிள்ளான் துறைமுகம். கொஞ்சம் நடந்தால் படகுத்துறை. புலாவ் கெத்தாம் படகில் பலரும் நண்டுக்கறிக்காகவே ஏறுகிறோம். அடுத்த முறை சன்னலோரம் உட்காருங்கள்.

1901-இல் திறக்கப்பட்டு, 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் தாங்கிய துறைமுகம் இது. ரப்பரும் ஈயமும் இங்கே கப்பல் ஏறின. பால்மரம் வெட்ட வந்த நம்மவர்கள் இங்கே கப்பலிலிருந்து இறங்கினார்கள். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறியவர்கள் பினாங்கைத் தாண்டி வந்ததும் இந்தக் கரைக்குத்தான்.

இன்று அடுக்கடுக்காய்க் கொள்கலன்கள். அன்றைய தகரப்பெட்டிகளுக்கு அங்கே ஓர் அடையாளமும் கண்ணில் படவில்லை.

வீடு திரும்பியதும் பெரியவர்களிடம் கேளுங்கள்: "நம்ம ஆளுங்க எந்தக் கப்பல்ல வந்தாங்க?" பதிலைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கப்பல் போய்விட்டது, குரல் இன்னும் இருக்கிறது.