முகம் எரிகிறதா? பூசும் ட்யூபை எடுத்துப் பாருங்கள்

சேலம், நாமக்கல் பக்கம் முகத்தில் மங்கு விழுந்தாலும் பரு வந்தாலும், கல்யாணத்துக்குள் கொஞ்சம் நிறம் கூடவேண்டும் என்றாலும், பலர் முதலில் போவது தெருமுனை மெடிக்கலுக்குத்தான். சீட்டு கேட்காமலே ஒரு ட்யூபைக் கொடுத்துவிடுகிறார்கள். பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகிறது. அக்கா வாங்கியதைத் தங்கையும் பூசுகிறாள். சில மாதம் போனபின், பூசாமல் விட்ட இரண்டு மூன்று நாளிலேயே முகம் சிவந்து எரிகிறது, பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்புகிறது. மறுபடி பூசினால் அடங்குகிறது. அதனால் ட்யூபை விட முடிவதில்லை.

அந்த ட்யூப்களில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டு. தோல் மருத்துவர்கள் நாட்டின் 12 மையங்களில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் கோளாறோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு களிம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பத்தில் ஆறு பேருக்கு அதைச் சொன்னது மருத்துவரே அல்ல. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதை நிறம் தரும் கிரீமாகவோ சவரத்துக்குப்பின் பூசுவதாகவோ நினைத்திருந்தார். படர்தாமரைக்கு வாங்கிய கலவைக் களிம்பை மிச்சம் இருக்கிறதே என்று முகத்துக்குப் பூசுகிறவர்களும் உண்டு. அத்தகைய கலவைக் களிம்புகள் பலவற்றில் குளோபெட்டசால் என்ற மிகக் கடுமையான ஸ்டீராய்டு இருக்கிறது.

இப்படி வரும் எரிச்சல், ரோசேசியா என்ற நோயை அப்படியே ஒத்திருக்கும். ஏற்கெனவே ரோசேசியா இருப்பவர் ஸ்டீராய்டு பூசினால் நோய் இன்னும் முற்றும்.

ரோசேசியா ஒட்டுவாரொட்டி அல்ல, அழுக்கால் வருவதும் அல்ல. கன்னம், மூக்கு, நெற்றி, தாடை ஆகிய இடங்களில் ரத்தக்குழாய்கள் எளிதில் விரிந்து, தோல் அழற்சி நீடிக்கும் நோய் அது. பெரும்பாலும் முப்பது வயதுக்குமேல் தலைகாட்டும். வெள்ளைத் தோலில் சிவப்பு உடனே தெரிந்துவிடும். நம் மாநிறத்தில் அது செம்பழுப்பாகவோ கருத்த திட்டாகவோ தெரியும், அல்லது தெரியாமலே போகும். அதனால் கண்ணாடியில் தெரிவதைவிட முகம் சொல்வதைத்தான் கவனிக்கவேண்டும். திடீர் திடீரென்று சூடு ஏறுகிறதா, சோப்பு பட்டால் சுருக்கென்று குத்துகிறதா? பரு என்றால் கரும்புள்ளி, வெண்புள்ளி இருக்கும். ரோசேசியாவில் அவை இருப்பதில்லை. கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தி, இமையில் அடிக்கடி கட்டி வந்தால் நோய் கண்ணையும் தொட்டிருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது. கன்னச் சிவப்போடு மூட்டுவலி, வாய்ப்புண், விடாத காய்ச்சல், முடி உதிர்தல் இருந்தால் அது லூபஸ் என்ற வேறு நோயாக இருக்கக்கூடும். அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும்.

நோயைக் கிளப்பிவிடுவதில் முதலிடம் வெயிலுக்கும் வெக்கைக்கும். சேலம், நாமக்கல் பக்கத்துப் பிழைப்பு முழுக்க இந்த இரண்டிலும்தான் ஓடுகிறது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுபவரின் முகம் தீச்சுடருக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கும். சேகோ ஆலையில் ஜவ்வரிசி வறுப்பவருக்கு எதிரே அடுப்பு. களத்தில் மாவு காயவைக்கும் பெண்களுக்கு மேலேயும் வெயில், வெள்ளை மாவில் பட்டுத் திரும்புவதும் வெயில். நாமக்கல் லாரி ஓட்டுநருக்கு இன்ஜின் சூடும் கண்ணாடி வழி வெயிலும் ஒருசேர முகத்தில் அடிக்கும். வேலையை விடுங்கள் என்று இவர்களிடம் சொல்வது அறிவுரையே அல்ல. காற்றாடியை முகத்துக்கும் அடுப்புக்கும் குறுக்காக வீசும்படி திருப்பி வைக்கலாம். அரை மணிக்கொருமுறை எழுந்து, ஈரத் துணியை முகத்தில் தேய்க்காமல் ஒற்றி எடுக்கலாம். களத்து வேலையைக் காலை பத்துக்குள்ளும் மாலை நாலுக்குமேலும் வைத்துக்கொள்ள முதலாளியிடம் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. முக்காடு மட்டும் போதாது, அகல விளிம்புத் தொப்பியும் வேண்டும். சன்ஸ்கிரீன் வாங்கும்போது ஜிங்க் ஆக்சைடு உள்ளதைக் கேளுங்கள், அது எரிச்சல் குறைவாகத் தரும்.

டீ, காபியை நிறுத்தவேண்டியதில்லை. முகத்தைச் சிவக்கவைப்பது காபியைவிட அதன் கொதிசூடுதான் என்று பழைய ஆய்வு ஒன்றே காட்டியிருக்கிறது. நன்றாக ஆற்றிக் குடித்தால் போதும். காரம் சிலருக்கு ஆகாது, சிலருக்கு ஒன்றும் செய்யாது. மது பலருக்குக் கிளப்பிவிடும். என்ன சாப்பிட்டோம், எங்கே நின்றோம், முகம் எப்போது எரிந்தது என்று மூன்று வாரம் ஒரு நோட்டில் குறித்தால் உங்கள் முகத்துக்கு எது பகை என்று தெரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு, பற்பசை, ஸ்க்ரப், பியூட்டி பார்லர் ப்ளீச், ஆவி பிடித்தல் எல்லாம் எரிகிற முகத்துக்கு வேண்டாதவை.

ரோசேசியாவை வேரோடு ஒழிக்கும் மருந்து இல்லை, அடக்கிவைக்கும் மருந்துகள் நல்லவையே இருக்கின்றன. மெட்ரோனிடசோல், அசலெய்க் அமிலம், ஐவர்மெக்டின் களிம்புகளையும், தேவைப்பட்டால் குறைந்த அளவு டாக்ஸிசைக்ளின் மாத்திரையையும் மருத்துவர் தருவார். கர்ப்பிணிகள் டாக்ஸிசைக்ளின் எடுக்கக்கூடாது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசியவர்கள் தாங்களாகவே சட்டென்று நிறுத்தாமல், முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். படிப்படியாகக் குறைப்பதா, மாற்று மருந்து தருவதா என்பதை அவர் முடிவு செய்வார். நிறுத்தியபின் சில வாரம் முகம் முன்னைவிட மோசமாக எரியலாம். பலரும் மனம் உடைந்து மறுபடி ட்யூபை எடுப்பது அந்த வாரங்களில்தான். வீட்டார் துணை நிற்கவேண்டியதும் அப்போதுதான். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றின் தோல் நோய்ப் பிரிவில் இதைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். போகும்போது பூசிய எல்லா ட்யூபையும், காலியானதையும், கையோடு கொண்டுபோங்கள். பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், ஃபுளுசினோலோன் போன்ற பெயர் அட்டையில் இருந்தால் அது ஸ்டீராய்டு.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. தோலில் பூசும் மருந்துகளுக்கு முன்பு இருந்த விலக்கை நீக்கி, 14 ஸ்டீராய்டு களிம்புகளை 2018 மார்ச்சில் மத்திய அரசு எச் அட்டவணைக்குள் முழுமையாகக் கொண்டுவந்தது. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் அவற்றை விற்பது மருந்து விதிகளுக்கு மாறானது. அப்படி விற்கும் கடையின் உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்கு அதிகாரம் உண்டு. உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் தரலாம். புகார் நிற்க பில் வேண்டும். கேட்டும் பில் தராதது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

மருந்தால் வந்த பாதிப்பை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். இழப்பீடு வேண்டுமென்றால் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம், இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு நேரே போகலாம். நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை, வக்கீல் வைத்தாகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு போடவேண்டும். ட்யூப், அட்டைப்பெட்டி, பில், மருத்துவர் சீட்டு, பாதிப்பு தொடங்கிய நாளிலிருந்து எடுத்த முகப் படங்கள் இவை எல்லாம் சாட்சியம். எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.