செல்லோவைச் சிறிதாக்கிய மெல்லிய கம்பி

செல்லோவின் நான்கு தந்திகளும் ஒரே நீளம்தான். ஆனால் மேல்தந்தி நொடிக்கு 220 முறை அதிர, அடித்தந்தி சுமார் 65 முறையே அதிர்கிறது. இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு எடைக்கு உரியது. தந்தி கனக்கக் கனக்க அதிர்வு மெதுவாகும், சுருதி இறங்கும்.

பரோக் காலத் தொடக்கத்தில் தந்தி என்றால் ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்த நரம்பு. அதே நீளம், அதே இழுவிசை என்றால், வெறும் குடலால் ஆன அடித்தந்தி மேல்தந்தியைவிட மூன்று மடங்குக்கும் மேல் தடித்திருக்க வேண்டும். அவ்வளவு தடித்த நரம்பு கிணற்றுக் கயிறுபோல விறைத்துக்கொள்ளும். வில்லுக்கு மசியாது, நாதமும் மங்கும். அதற்கு ஒரு மாற்று, தந்தியை நீட்டுவது. தந்தி நீண்டால் உடலும் பெருக்க வேண்டும். அப்படி வளர்ந்ததுதான் செல்லோவின் முன்னோடியான பெரிய 'பாஸ் வயலின்'. பல இடங்களில் அதன் சுருதி இன்றைய செல்லோவைவிட ஒரு முழுச் சுரம் தாழ்ந்தே இருந்தது.

1660களில் ஓர் அருமையான வழி பிறந்தது: குடல் நரம்பின் மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுருட்டினார்கள். எடை கூடியது, உள்ளே இருந்த நரம்போ மெலிந்து வளைந்துகொடுத்தது. செல்லோவின் வரலாற்றில் இதற்கு இணையான கண்டுபிடிப்பு வேறில்லை என்பேன். குட்டையான தந்தியிலும் ஆழ்ந்த நாதம் கிடைத்ததால் கருவியே சிறுத்தது. இத்தாலியின் கிரெமோனா நகரில் கருவிக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி 1701இல் செய்த செல்லோவின் உடல் ஏறத்தாழ 79 செ.மீ. 1707 வாக்கில் அவர் வகுத்த புதிய அச்சில் அது 75 செ.மீ.தான். கைக்கு அடக்கமான அந்த அளவே இன்றும் பலருக்கு முன்மாதிரி. பழைய பெரிய கருவிகள் பலவற்றையும் அறுத்துச் சிறிதாக்கினார்கள். ஆண்ட்ரியா அமாட்டி 16ஆம் நூற்றாண்டில் செய்த 'கிங்' செல்லோவும் 1801இல் ரம்பத்துக்குத் தப்பவில்லை.

உடல் சிறுத்துவந்த காலத்திலும் சுருதி அமைப்பு இன்னும் நிலைக்கவில்லை. இன்று அது கீழிருந்து ஸி, ஜி, டி, ஏ. பொலோனாவில் 1689இல் தனிச் செல்லோவுக்கு இசை எழுதிய டொமெனிகோ காப்ரியெல்லியோ மேல்தந்தியை ஜி-க்கு இறக்கி வைத்தார். இசையமைப்பாளர் பாஹும் தனிச் செல்லோவுக்கான தம் ஐந்தாம் தொகுப்பில் அதையே செய்தார். அதன் பழைய படியில் ஒரு விந்தை உண்டு: மேல்தந்திக்குரிய குறிகள் விரல் வைக்கும் இடத்தைக் காட்டுகின்றன, காதில் விழுவதோ ஒரு முழுச் சுரம் தாழ்ந்த ஒலி. ஆறாம் தொகுப்புக்கு அவர் ஐந்து தந்திகளே கேட்டார்.

பிறகு கழுத்துப் பகுதி பின்சாய்ந்து நீண்டது, பாலம் உயர்ந்தது, இழுவிசை ஏறியது. அந்த 1701 செல்லோவைப் பின்னாளில் வாசித்த பெல்ஜியக் கலைஞர் செர்வே, தரையில் ஊன்றும் முள்ளைப் பரவலாக்கினார். அதுவரை பெரும்பாலோர் கால்களுக்கு இடையே இடுக்கியே வாசித்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் குடலின் இடத்துக்கு எஃகு வந்தது. சுருதியை மாற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் போகவில்லை. 1915இல் ஹங்கேரியின் கோடாய் தம் தனிச் செல்லோ சொனாட்டாவுக்காகக் கீழ் இரு தந்திகளையும் அரைச் சுரம் இறக்கினார். விரலே வைக்காமல் கீழ் மூன்று தந்திகளையும் மீட்டினால், அந்தப் படைப்பின் ஆதார ஒத்திசையான பி மைனர் முழுதாக ஒலிக்கும்.