சிங்கப்பூர் நகரக் காட்சி
ஸ்டீபன் வில்ட்ஷயர் (பிறப்பு: லண்டன், 1974)
2014, தாளில் மைப்பேனா, அகலம் 4 மீட்டர், உயரம் 1 மீட்டர்

2014 ஜூலையில் ஸ்டீபன் வில்ட்ஷயர் சுமார் ஒரு மணி நேரம் ஹெலிகாப்டரில் இந்நகரைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, கடைத்தொகுதி ஒன்றில் பொதுமக்கள் சூழ்ந்து நிற்க, ஐந்து நாட்களில் நினைவிலிருந்தே இப்படத்தை வரைந்தார். வேலை செய்யும்போது காதில் இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்பது அவர் வழக்கம். நாட்டின் 50ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு இப்படம் சிங்கப்பூருக்குப் பரிசாக வழங்கப்பட்டது.

அருகில் வந்து கோடுகளைப் பாருங்கள். பேனாக் கோட்டை அழித்துத் திருத்த முடியாது. தூரத்துக் கட்டடங்களைச் சில கீற்றுகளிலேயே சொல்லிவிடுகிறார்; முன்னால் உள்ளவற்றில் சன்னல் சன்னலாக நின்று வரைகிறார். எதை விரிப்பது, எதைச் சுருக்குவது என்ற இந்தத் தேர்வு ஓர் ஓவியருடையது. அவருடைய நினைவாற்றலை வியப்பவர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

மூன்று வயதில் அவருக்கு ஆட்டிசம் இருப்பது கண்டறியப்பட்டது. அப்போது அவருக்குப் பேச்சு வரவில்லை. வரைவதே முதலில் அவருக்கு மொழியாயிற்று. வளர்ந்தபின் லண்டனில் ஓவியக் கல்லூரியில் முறையாகப் பயின்றார். டோக்கியோ, ரோம், ஹாங்காங், துபாய் ஆகிய நகரங்களையும் இவ்வாறே நினைவிலிருந்து வரைந்திருக்கிறார். கலைப்பணிக்காக 2006இல் பிரிட்டனின் எம்பிஇ விருது பெற்றார். அதே ஆண்டில் லண்டனில் தம் ஓவியங்களுக்கென நிலையான கூடம் ஒன்றைத் திறந்தார். ஓவியமே அவருடைய முழுநேரத் தொழில்.